மரப்பட்டறை முதலாளிகளுக்கு ஒரு மடல்

அன்புள்ள முதலாளிகளே,

சாயங்காலம் மெஷின் எல்லாம் நின்றதும் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். காம்பிரசர் குழாயை எடுத்துத் தலை, சட்டை என்று ஒருவர் மேல் ஒருவர் காற்றடித்துக்கொள்வோம். தூள் புகையாக எழும்பும். சிரித்துக்கொண்டே அதைத்தான் மூச்சாக இழுப்போம். 22 வருடமாக நானும் அப்படித்தான் வீட்டுக்குப் போகிறேன்.

என் சித்தப்பாவும் தேக்கு இழைத்தவர். அவருக்கு வலப்பக்க மூக்கு மட்டும் அடைத்தது. சைனஸ் என்று ஆவி பிடித்தே இரண்டு வருடம் ஓடிப்போனது. சளியில் ரத்தம் தெரிந்தபோது உடம்புச் சூடு என்றார். கண்ணோரம் வீங்கி, பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்த பிறகுதான் ஸ்கேன். மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவிலுள்ள சைனஸ் அறையில் புற்றுநோய். தூளால்தான் வந்தது என்று ஒரு ஆளை வைத்து அடித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். சரி, ஒரு ஆளை வைத்துச் சொல்ல முடியாதுதான்.

ஒரு ஊரை வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஹை விக்கம், நாற்காலிக்குப் பேர்போன ஊர். இந்த அபூர்வமான புற்று அங்குள்ள மரவேலைக்காரர்களுக்கு அதிகம் வருவதை எஸ்மி ஹாட்ஃபீல்ட் என்ற காது மூக்கு தொண்டை டாக்டர் கவனித்தார். 1968-ல் அவரும் சக மருத்துவர்களும் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். 1995-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானவற்றின் பட்டியலில் வைத்தது. பீடி சிகரெட் இருப்பதும் அதே பிரிவில்தான். ஆபத்து சமம் என்று அர்த்தமில்லை, ஆதாரம் அவ்வளவு உறுதி.

“எங்க தாத்தா காலத்துல இல்லாத மரமா?” என்பீர்கள். தாத்தா இழைப்புளி தள்ளினார். சீவல் சுருண்டு காலடியில் விழுந்தது. மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் சாண்டிங் மெஷின் தள்ளுவது மாவு மாதிரித் தூள். அதோடு இந்த நோய் தலைகாட்டப் பல சமயம் 30, 40 வருடம் ஆகும். அதற்குள் ஆள் பட்டறையை விட்டே போயிருப்பார், உங்கள் கணக்கில் வரமாட்டார்.

காற்றடிப்பதை நிறுத்தி, தூளை உறிஞ்சும் மெஷின் ஒன்று வாங்குங்கள். கைக்குட்டை போதாது, என்95 மாஸ்க் கொடுங்கள். வேலையாள் யாருக்காவது ஒரு பக்க மூக்கு வாரக்கணக்கில் அடைத்து ரத்தமும் வந்தால், சம்பளத்தோடு லீவு கொடுத்துக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அனுப்புங்கள். மரவேலை செய்கிறேன் என்று அவர் வாய்விட்டுச் சொல்லட்டும்.

அப்புறம், சாண்டிங் மெஷினின் பின்பக்கம் பை மாட்ட ஒரு வாய் இருக்கும். எங்கள் பட்டறையில் அந்தப் பை எப்போதோ தொலைந்துவிட்டது. உங்களுடையதையும் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு தச்சன்