செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழு முதல் இன்றுவரையான பணிகளை அவையின் முன் வைக்கிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். இந்த ஆண்டு நம் நேரத்தையும் கவலையையும் பெரிதும் எடுத்துக்கொண்டது நம் சங்கத்தின் வால்சக்கர விமானங்களின், அதாவது வாலுக்கடியில் சிறு சக்கரம் கொண்ட விமானங்களின், பராமரிப்புதான் என்பதால், அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

தரையிறங்கி வேகம் குறையும்போது வால் கிடுகிடுவென்று நடுங்குகிறது, மிதியில் வைத்த காலே அதிர்கிறது என்று உறுப்பினர்கள் பலமுறை பதிவேட்டில் எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் டயரில் காற்றைச் சரிபார்த்துவிட்டு விமானத்தை அனுப்பிவிட்டோம். அது நம் தவறு. ஒருநாள் வாலைத் தூக்கி முட்டுக்கொடுத்து, சக்கரத்தைக் கையால் பிடித்து அசைத்த பிறகுதான் உண்மை தெரிந்தது. சக்கரம் திரும்பும் முளை தேய்ந்து 'கடக் கடக்' என்று ஆடியது. பேரிங்கைக் கழற்றினால் கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் கருஞ்சேறு. விரலில் தேய்த்தால் மணல் நறநறத்தது. மேலே இருந்த பட்டை ஸ்பிரிங்கும் வளைவு குறைந்து தட்டையாகியிருந்தது. ஸ்பிரிங் தட்டையானால் முளையின் சாய்வு மாறிவிடும். அதன்பின் எவ்வளவு காற்றடித்தும் நடுக்கம் நிற்காது. ஸ்பிரிங்கைப் பிடித்திருந்த போல்ட்டைத் துடைத்துப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கிவிட்டது: தலைக்குக் கீழே மயிரிழை போல ஒரு விரிசல். அனைத்தையும் மாற்றி, உரிமம் பெற்ற பொறியாளரிடம் கையொப்பம் பெற்றோம்.

அடுத்தது துரு. இவ்வகை விமானம் நிற்கும்போது வால்தான் தாழ்ந்திருக்கும். உள்ளே இறங்கும் மழைநீர், எண்ணெய், புழுதி எல்லாம் அங்கே போய்ச் சேரும். வடிதுளைகளை ஒரு கம்பியால் குத்தியபோது ஒன்றிலிருந்து கலங்கல் நீர் வெகுநேரம் வடிந்தது. விமானத்தின் உடலைப் போர்த்தியிருக்கும் துணிக்கு அடியில் உள்ள எஃகுக் குழாய் அந்த நீரில்தான் ஊறிக்கொண்டிருந்தது. இறக்கைத் தாங்குதண்டுகளின் அடிமுனையும் இப்படித்தான் உள்ளிருந்தே அரிக்கப்படும். வெளியில் பெயின்ட் பளபளக்கும். பைப்பர் நிறுவன விமானங்களின் தாங்குதண்டுகளைச் சோதிக்கும்படி அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1993-லேயே கட்டாய ஆணை பிறப்பித்ததற்குக் காரணம் இதுவே. நம் தண்டுகள் சோதனையில் தேறின.

பிரேக் பற்றி ஒரு வருத்தம். வால்சக்கர விமானத்தின் எடைமையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், ஓடுபாதையில் ஒருமுறை விலகத் தொடங்கினால் மேலும் விலகி வட்டமடிக்கவே பார்க்கும். அப்போது இருபக்க பிரேக்கும் ஒரேபோல் பிடித்தாக வேண்டும். செந்நிறக் கனிம எண்ணெய் ஊற்ற வேண்டிய தொட்டியில் யாரோ கார் பிரேக் திரவத்தை ஊற்றியதில் ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுப்போயின. யார் என்று நான் தேடவில்லை. ஆனால் டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் இனி யாரும் எதையும் ஊற்ற வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

முன்சக்கரங்களில் அதிர்ச்சியைத் தாங்கும் ரப்பர் கயிறுகள் தளர்ந்து விமானம் ஒருபக்கம் சாய்ந்து நின்றது. இரு பக்கமும் புதிதாக மாற்றியாயிற்று.

புரொப்பெல்லரைக் கையால் சுற்றி எஞ்சினைக் கிளப்பும் உறுப்பினர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவைச் சுவிட்ச் அடக்குவது அதன் எர்த் கம்பி வழியாகத்தான். அந்தக் கம்பி அறுந்திருந்தால், சுவிட்ச் அணைந்திருந்தாலும் மேக்னெட்டோ தீப்பொறி தரும். சும்மா தொட்டுத் திருப்பிய புரொப்பெல்லர் திடீரென்று சுழன்று கையை வெட்டிவிடும். ஆகவே எஞ்சினை நிறுத்துமுன், மெதுவோட்டத்தில் சுவிட்சை ஒரு கணம் அணைத்து எஞ்சின் அடங்குகிறதா என்று பார்த்து, அதைப் பதிவேட்டில் எழுதும் வழக்கத்தைச் செயற்குழு கட்டாயமாக்கியுள்ளது.

விடுமுறை நாட்களில் கையில் கிரீஸோடு ஹேங்கரிலேயே கிடந்த இளம் உறுப்பினர்களுக்குச் சங்கத்தின் சார்பில் மனமார்ந்த நன்றி. இரண்டாவது விமானத்தின் வால்பகுதித் துணியைப் பிரித்துப் பார்க்கும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. அது முடியும்வரை அந்த விமானம் பறக்காது.

இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்