ரோட்டரி கருவியின் வேக அட்டவணை குறித்த புகார்

பெறுநர்
தலைவர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ரோட்டரி கருவியுடன் தரப்பட்ட வேக அட்டவணையைத் திருத்தவும், அதனால் சேதமான துணைக்கருவிகளை மாற்றித் தரவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனம் தயாரித்த, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள ரோட்டரி கருவியை (சிறு துணைக்கருவிகளைச் சுழற்றி வெட்டவும் துளையிடவும் தேய்க்கவும் உதவும் கைக்கருவி) அதன் துணைக்கருவித் தொகுப்புடன் வாங்கிப் பயன்படுத்தி வருகிறேன். கருவியின் மோட்டாரைப் பற்றியோ பிட்டை, அதாவது சுழலும் முனையை, பிடிக்கும் கோலெட்டைப் பற்றியோ எனக்குக் குறை ஏதும் இல்லை. கையேட்டில் அச்சிடப்பட்டுள்ள ‘பொருளுக்கேற்ற வேகம்’ என்ற அட்டவணையே இக்கடிதத்திற்குக் காரணம். வேகத்தை மாற்றும் டயலை மரத்திற்கு 6, பிளாஸ்டிக்குக்கு 4, உலோகத்தைத் துலக்க 4, இரும்பு மற்றும் எஃகுக்கு 2 என்ற எண்ணில் வைக்குமாறு அதில் உள்ளது. எந்தத் துணைக்கருவியைக் கொண்டு என்பது எங்கும் குறிப்பிடப்படவில்லை; துலக்குவதைத் தவிர, என்ன வேலைக்கு என்பதும் இல்லை.

கருவியின் டயலில் 1 முதல் 6 வரை எண்கள் இருக்கின்றன. பெட்டியின் மேல் நிமிடத்திற்கு 8,000 முதல் 35,000 சுற்றுகள் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. இடையில் உள்ள எந்த எண்ணுக்கு எத்தனை சுற்று என்பதைக் கருவியிலும் சொல்லவில்லை, கையேட்டிலும் சொல்லவில்லை. துணைக்கருவி உறைகளிலோ உச்சவரம்பு டயல் எண்ணாக அல்லாமல் சுற்றுகளின் எண்ணிக்கையாகவே தரப்பட்டிருக்கிறது. ஆகவே வாங்குபவர் ஊகித்துத்தான் வேகத்தை வைக்க வேண்டியிருக்கிறது. பாதுகாப்பு சார்ந்த ஒன்றை ஊகத்துக்கு விட்டிருப்பதை என்னால் சாதாரணக் குறையாகக் கருத முடியவில்லை.

தொகுப்பிலுள்ள எஃகு வயர் பிரஷின் உறையில், 15,000 சுற்றுகளுக்கு மேல் இயக்கக் கூடாது என்ற எச்சரிக்கை சிறிய எழுத்தில் உள்ளது. துரு நீக்குவது உலோகத்தைத் துலக்கும் வேலைதான்; அதற்கு அட்டவணை சொல்வதோ 4. டயல் எண்கள் சம அளவில் ஏறுவதாகக் கொண்டால், 4 என்பது ஏறத்தாழ 24,000 சுற்றுகள். அதாவது, உங்கள் உறை விதிக்கும் வரம்பை உங்கள் அட்டவணையே வெகுவாக மீறச் சொல்கிறது. அந்த வேகத்தில் பிரஷின் கம்பி இழைகள் அடியோடு பிடுங்கிக்கொண்டு தெறித்து என் மேலாடையில் குத்தி நின்றன. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருந்ததால் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எஃகைப் பற்றிய வரி இதற்கு நேர்மாறான தவறைச் செய்கிறது. கடினமான பொருள் என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணத்தில் அது எழுதப்பட்டிருக்கலாம். எஃகில் டிரில் பிட்டால் துளையிடும்போது அந்த எண்ணம் சரியே; வேகம் கூடினால் பிட்டின் முனை சூடேறிக் கூர்மை இழக்கும். ஆனால் தொகுப்பில் முதன்மையாக இருப்பவை 38 மில்லிமீட்டர் விட்டமுள்ள கட்டிங் டிஸ்குகள். அவை பற்களால் வெட்டுபவை அல்ல. விளிம்பிலுள்ள உராய்வுத் துகள்கள் மிக வேகமாக உரசிச் செல்வதால் வெட்டுபவை. டிஸ்கின் உறையில் உள்ள உச்சவரம்புக்குள் நின்று அதிக வேகத்தில் ஓட்டினால்தான் வேலை நடக்கும். எஃகுக் கம்பி ஒன்றை 2-இல் வைத்து வெட்டியபோது டிஸ்க் அதில் சிக்கி, திருகி, உடைந்தது. மாற்று டிஸ்குகளுக்கும் அதே கதி நேர்ந்தது. இதற்கிடையே கருவியின் உடலும் கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சுட்டது. மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி அதன் தண்டிலேயே பொருத்தப்பட்டிருப்பதால், வேகம் குறைந்து சுமை கூடும்போது காற்றும் குறைந்துவிடுகிறது என்பது தங்கள் பொறியாளர்கள் அறியாத செய்தி அன்று.

பொருளை மட்டும் வைத்து வேகத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு எளிய கணக்கே போதும். 24,000 சுற்றில் 3 மில்லிமீட்டர் பிட்டின் விளிம்பு நொடிக்குச் சுமார் 3.8 மீட்டர் வேகத்தில் நகர்கிறது. 38 மில்லிமீட்டர் டிஸ்கின் விளிம்போ அதே சுற்றில் நொடிக்கு ஏறத்தாழ 48 மீட்டரை எட்டுகிறது. பன்னிரண்டு மடங்குக்கும் மேல் வேறுபடும் இவ்விரண்டையும் ஒரே எண்ணுக்குள் அடக்குவது எப்படிப் பொருந்தும்?

அக்ரிலிக் தகட்டில் 4-ஆம் எண்ணில் கார்பைடு (மிகக் கடினமான கலவை) பிட்டால் வெட்டியபோது, தூள் உதிர்வதற்குப் பதிலாகத் தகடு உருகிப் பிட்டைச் சுற்றி இறுகிவிட்டது. இது குறித்துத் தங்கள் உதவிப் பிரிவை அணுகியபோது, தகடு தரமற்றது என்றும், இன்னும் சற்று அழுத்திப் பிடிக்குமாறும் பதில் வந்தது. ஏறத்தாழ 105 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும் பொருளில் அழுத்தத்தைக் கூட்டினால் உராய்வுச் சூடுதான் கூடும். குறைந்த வேகத்தில், அழுத்தாமல், அடிக்கடி பிட்டை வெளியே எடுத்து ஆறவிட்டு வெட்டுவதே முறை. புகார் கேட்பவர்களுக்காவது இந்த அடிப்படை தெரிந்திருக்க வேண்டாமா?

மரத்திற்கான 6 சிறிய செதுக்கு பிட்டுகளுக்குப் பொருந்தும். உப்புத்தாள் சுற்றிய உருளையான சாண்டிங் டிரம்மை அதே வேகத்தில் ஓரிடத்தில் வைத்தால் மரம் கருகும். கண்ணாடிக்கு அட்டவணையில் இடமே இல்லை. ஆனால் தொகுப்பில் வைர முனைகள் இருக்கின்றன. அவற்றைக் கண்ணாடியில் குறைந்த வேகத்தில், வெட்டுமிடத்தை ஈரமாக வைத்துப் பயன்படுத்த வேண்டும் என்பதையும், மின்சாரத்தில் இயங்கும் கருவிக்குள் நீர் புகாமல் காக்க வேண்டும் என்பதையும் நீங்கள் எழுதியிருக்க வேண்டும்.

எனவே, சேதமான வயர் பிரஷ், கட்டிங் டிஸ்குகள், கார்பைடு பிட் ஆகியவற்றை மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். டயலின் ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய சுற்றுகளின் எண்ணிக்கையை எழுத்து மூலம் எனக்குத் தெரிவிக்க வேண்டும். துணைக்கருவி, அதன் விட்டம், வேலை, பொருள் ஆகிய நான்கையும் கருத்தில் கொண்ட திருத்திய அட்டவணையை வெளியிட்டு, இதே கருவியை ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் அனுப்ப வேண்டும். வயர் பிரஷ் குறித்த எச்சரிக்கையை மட்டும் அதுவரை காத்திராமல் உடனே அறிவிக்க வேண்டும்; தெறிக்கும் கம்பி இழையால் ஒருவரின் பார்வையே போகக்கூடும்.

வாங்கிய ரசீதின் நகல், அட்டவணைப் பக்கம், பிரஷ் உறை, உடைந்த துணைக்கருவிகள் ஆகியவற்றின் படங்களை இணைத்துள்ளேன். பதிலை உதவிப் பிரிவின் வழியாக அல்லாமல், கருவியை வடிவமைத்த பொறியியல் பிரிவிடம் கேட்டு அனுப்புமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்