பாப்பாவுக்கு, லென்ஸ் விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அண்ணனின் வேலை மாற்றம் பற்றியும் மாடி அறையைக் காலி செய்தது பற்றியும் எழுதத்தான் உட்கார்ந்தேன். அவற்றை அம்மா தொலைபேசியில் சொல்லிக்கொள்ளட்டும். இந்தக் கடிதம் உன் கெரட்டோகோனஸுக்கு, அதாவது கருவிழி கூம்பாகப் புடைக்கும் அந்த நோய்க்கு, கான்டாக்ட் லென்ஸ் பொருத்துபவரைத் தேடுவது பற்றியது. எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கி, வரிகளுக்கு நடுவில் இடம் விட்டு அச்சிட்டிருக்கிறேன். அச்சுப்பொறியில் மை புதிதாக மாற்றியதால் நன்றாகக் கறுப்பாக விழுந்திருக்கிறது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

மூன்று மாதமாக உன்னிடமிருந்து எழுத்தில் ஒரு வரி வரவில்லை, குரல் பதிவுதான் வருகிறது. கை வேலையாக இருந்தேன் என்கிறாய், அம்மாவும் நம்புகிறாள். உன் குரலைக் கேட்பது எனக்கும் மகிழ்ச்சிதான், ஆகவே அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. போன வாரம் காணொளியில் பேசும்போது தலையை இடது பக்கம் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டே பேசினாய். வெளிச்சம் கூசியிருக்கும்.

கடைசி ஜோடி லென்ஸ் செய்தபோது நீ எங்களோடு இருந்தாய். அதற்கு நான்கு ஆண்டு முடிந்துவிட்டது. கெட்டி லென்ஸ் ஒரு ஜோடியை ஓரிரு ஆண்டுகளுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று அதைச் செய்து தந்தவர் சொல்லியே அனுப்பினார். மேற்பரப்பில் கீறல் விழும், புரதம் படியும், விளிம்பு சிதையும், அதற்குள் அடியில் இருக்கும் கண்ணும் மாறியிருக்கும். நீ அந்த ஊருக்குப் போய் இரண்டு ஆண்டு ஆகிறது. அங்கே யாரிடம் காட்டினாய் என்று நான் கேட்ட ஒவ்வொரு முறையும் "பார்க்கிறேன் அப்பா" என்றாய். வேறு யார் சொல்லியிருந்தாலும் அந்தச் சொல் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

தெருமுனைக் கண்ணாடிக் கடையில் கேட்டுப் பார்த்துவிட்டு, இங்கே யாருக்கும் தெரியவில்லை என்று விட்டுவிடாதே. அங்கே விற்பது பெரும்பாலும் மென்லென்ஸ்தான். அது கண்ணின் மேல் போர்வை போலப் படிந்து, கூம்பின் வடிவத்தைத் தானும் எடுத்துக்கொள்ளும். அடியில் உள்ள கோணல் மேலேயும் வந்துவிடும். கெட்டி லென்ஸ் தன் உருவத்தை விட்டுக்கொடுக்காது. அதற்கும் கருவிழிக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் கண்ணீர் நிரப்பிக்கொள்ள, உள்ளே போகும் ஒளிக்குப் புதிதாக ஒரு வழவழப்பான முகப்பு கிடைக்கிறது. இதை ஒரு காகிதத்தில் எனக்கு வரைந்து காட்டியவளே நீதான். உனக்கே பாடம் நடத்துகிறேனே என்று சிரிக்காதே, அன்றைக்குப் படித்த பாடம் மறக்கவில்லை என்று தெரிவிக்கத்தான் எழுதினேன்.

முதலில் கருவிழிக்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கும் கண் மருத்துவமனை ஒன்றைப் பிடி. லென்ஸ் கிடைக்குமா என்று கேட்டால் கிடைக்கும் என்றுதான் யாரும் சொல்வார்கள். கெரட்டோகோனஸ் உள்ளவர்களுக்கு உங்களிடம் லென்ஸ் பொருத்துபவர் யார், அவர் எந்தெந்த நாள் வருவார் என்று கேள். ஆப்டோமெட்ரி கற்பிக்கும் கல்லூரிகள் நடத்தும் கண் பரிசோதனை நிலையங்களும் உண்டு. அங்கே மாணவர்கள் பார்ப்பார்கள், அரை நாள் போய்விடும், ஆனால் ஆசிரியர் ஒருவர் பின்னால் நின்று ஒவ்வொன்றையும் சரிபார்ப்பார். அவசரம் இல்லாத அந்த மாதிரி இடம் எனக்குப் பிடிக்கும். இரண்டும் அமையாவிட்டால், இந்த வகை லென்ஸைக் கடைந்து தரும் ஆய்வகங்களுக்கே எழுதிக் கேட்கலாம். ஆர்டர் அவர்களிடம்தான் போய்ச் சேருகிறது. உன் பக்கத்தில் யார் அடிக்கடி வரவழைக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஸ்கிளீரல் என்ற பெரிய வகை லென்ஸுக்கென்று ஸ்கிளீரல் லென்ஸ் எஜுகேஷன் சொசைட்டி என்றொரு சங்கம் இருக்கிறது, அதன் வழியாகவும் பொருத்துபவர்களைத் தேடலாம்.

ஆள் கிடைத்ததும் உடனே ஓடாதே, முதலில் தொலைபேசியில் பேசு. மாதத்துக்கு எத்தனை கூம்புக் கண்களுக்குப் பொருத்துகிறீர்கள் என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நன்றாகச் செய்பவர் அந்தக் கேள்வியால் கோபப்பட மாட்டார், கோபப்படுபவரிடம் போக வேண்டியதும் இல்லை. கருவிழியின் மேடுபள்ளத்தைப் படம் பிடிக்கும் டோபோகிராபி கருவி அவரிடமே இருக்கிறதா, படத்தின் நகலைக் கையில் தருவாரா என்று கேள். சோதனை லென்ஸ் பெட்டி எத்தனை வைத்திருக்கிறார் என்றும் கேள்; ஒரே வகைப் பெட்டி வைத்திருப்பவர் எந்தக் கண்ணுக்கும் அதையேதான் போடுவார். சிறிய கெட்டி லென்ஸ், நடுவில் கெட்டியும் சுற்றிலும் மென்மையுமான ஹைப்ரிட், மென்லென்ஸின் மேல் கெட்டி லென்ஸை வைக்கும் பிக்கிபேக், கருவிழியைத் தொடாமல் தாண்டிப் போய் வெள்ளை விழியின் மேல் உட்காரும் ஸ்கிளீரல் என்று இத்தனை இருக்கும்போது, உனக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பது போட்டுப் பார்த்தால்தான் தெரியும். முதலில் செய்தது பொருந்தாவிட்டால் எத்தனை முறை மாற்றித் தருவார், அந்த வருகைகளுக்குத் தனியாகப் பணம் உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள். கூம்புக் கண்ணுக்கு முதல் லென்ஸே பொருந்திவிட்டால் அது அதிர்ஷ்டம். மூன்றாவதில் பொருந்தினால் அது சாதாரணம். இரண்டாவதிலேயே மனம் விட்டுப்போய் வந்துவிடுவது உன் வழக்கம் என்பதால் இதைச் சொல்கிறேன்.

ஸ்கிளீரல் என்றதும் முகம் சுளித்திருப்பாய். அவ்வளவு பெரிய தட்டைக் கண்ணில் வைக்க முடியாது என்று அன்றைக்கே சொன்னவள் நீ. கான்டாக்ட் லென்ஸ் என்ற பொருள் பிறந்ததே அந்த உருவத்தில்தான், தெரியுமா? 1888இல் அடால்ஃப் ஃபிக் என்ற மருத்துவர் கண்ணாடியில் ஊதிய பெரிய கிண்ணங்களை முதலில் முயல்களுக்கும் பிறகு தன் கண்ணுக்கும் போட்டுப் பார்த்தார்; அதே ஆண்டில் பாரிஸில் யூஜின் கால்ட் என்பவர் கூம்புக் கருவிழிக்கென்றே கண்ணாடி லென்ஸைப் பயன்படுத்தினார். அந்தக் கனமான கண்ணாடியைச் சிறிது நேரத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. இன்றைய ஸ்கிளீரல் லென்ஸ் காற்றை உள்ளே விடும் பிளாஸ்டிக். பாதுகாப்புப் பொருள் கலக்காத சலைனை அதில் ததும்ப ஊற்றி, மேசை மேல் முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்க வைத்து, முகத்தைத் தரைக்கு இணையாகக் குனிந்து, ஒரு ரப்பர் உறிஞ்சியால் மேலே தூக்கி வைக்கிறார்கள். உள்ளே கடுகளவு காற்றுக் குமிழி சிக்கினாலும் எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும். முதல் வாரம் அழுகை வரும், பிறகு கை தானாகச் செய்யும் என்று போட்டுப் பழகியவர்கள் சொல்கிறார்கள். காத்திருப்பு அறையில் லென்ஸ் போடத் தெரியாமல் விம்மிக்கொண்டிருந்த அந்தப் பையனுக்கு, பக்கத்தில் உட்கார்ந்து, இமையை எந்த விரலால் பிடிப்பது, எந்த விரலால் வைப்பது என்று நீ சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறதா? அவனுடைய அம்மா உன்னை மருத்துவர் என்று நினைத்துக்கொண்டு போனார். அன்றைக்கு நான் எவ்வளவு நிமிர்ந்து நடந்தேன் என்பதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

அப்படிப்பட்டவள் இரண்டு ஆண்டாக ஒரு நல்ல ஆளைத் தேடாமல் இருக்கிறாய் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கிராஸ்லிங்கிங் செய்தாயிற்றே என்று நினைக்கிறாயோ என்னவோ. அந்த வைட்டமின் பி2 சொட்டும் புற ஊதாக் கதிரும் கருவிழியை இறுக்கி, கூம்பு மேலும் புடைக்காமல் நிறுத்துவதற்குத்தான். போன பார்வையை அது திருப்பித் தராது, அதற்கு லென்ஸ் வேண்டும். நின்றுவிட்டதா என்பதையும் பழைய படத்தின் பக்கத்தில் புதுப் படத்தை வைத்துத்தானே சொல்ல முடியும்? படம் எடுக்கப் போகும் முன் லென்ஸை எத்தனை நாள் கழற்றி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள். லென்ஸ் அழுத்திய கருவிழி தன் சொந்த வடிவத்துக்குத் திரும்ப நாள் எடுக்கும், கெட்டி லென்ஸுக்கு அது இன்னும் கூடும். பிறகு, கண்ணைக் கசக்காதே. அரித்தால் ஒவ்வாமைக்குச் சொட்டு மருந்து கேட்டு வாங்கு, கசக்காதே.

இவ்வளவையும் எழுதிவிட்டு, எழுத வேண்டியதை எழுதாமலேயே முடித்துவிடப் பார்த்தேன்.

உன் முதல் லென்ஸைப் பொருத்தியவரின் பெயர் இந்தக் கடிதத்தில் வேண்டாம். அவர் பத்து நிமிடத்தில் அளவெடுத்தார், சோதனை லென்ஸைப் போட்டுவிட்டுக் காத்திருக்கச் சொல்லவில்லை, சாயம் விட்டுப் பார்க்கவும் இல்லை. அது அப்போது எனக்குத் தெரியாது. நான்காம் நாள் நீ வந்து, கண்ணுக்குள் மணல் போட்ட மாதிரி இருக்கிறது, இது சரியில்லை அப்பா என்றாய். நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "புதுச் செருப்பும்தான் கடிக்கும், பொறுத்துக்கொள்" என்றேன். நீ பொறுத்துக்கொண்டாய். ஒரு வாரம் இரண்டு வாரம் இல்லை, நான்கு மாதம் பொறுத்துக்கொண்டாய். மாலையில் கல்லூரியிலிருந்து வந்ததும் விளக்கைப் போடாமல் உன் அறையில் உட்கார்ந்திருப்பாய். மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறாள் என்று நான் வேடிக்கையாகப் பேசினேன்.

இரண்டாவதாகப் போனோமே, அவர் லென்ஸோடு அரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, மஞ்சள் சாயத்தை ஒரு சொட்டுத் தொட்டு வைத்து, நீல விளக்கைப் போட்டார். "அப்பாவும் பார்க்கட்டும்" என்று திரையை என் பக்கம் திருப்பினார். உன் கண் முழுக்கப் பச்சைக் குளமாக ஒளிர்ந்தது. அதன் நடுவில், கூம்பின் உச்சியில், குண்டூசித் தலையளவுக்கு ஒரு கறுப்புத் தீவு. அந்த இடத்தில் கண்ணீருக்கே இடமில்லை, லென்ஸ் நேராகக் கருவிழியின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று விளக்கினார். லென்ஸைக் கழற்றிய பிறகு அங்கே ஒரு சிறிய தழும்பையும் காட்டினார். லென்ஸ் உரசித்தான் தழும்பு வந்தது என்று அவர் உறுதியாகச் சொல்லவில்லை, இந்த நோயே தழும்பை உண்டாக்கும் என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படிச் சொன்னார் என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது. வீடு திரும்பும் வழியில் நீ என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் வருத்தம் தெரிவித்திருப்பேனோ என்னவோ. நீ கேட்காததையே சாக்காக வைத்து எட்டு ஆண்டு ஓட்டிவிட்டேன்.

நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை நீ நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டாய் பாப்பா. இப்போதும் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறாய் என்று சந்தேகப்படுகிறேன். அன்றைக்கு நான் சொன்னது தப்பு. செருப்புக் கடி ஆறிவிடும், கருவிழித் தழும்பு அப்படியே நிற்கும். லென்ஸ் வலித்தால் அது பழகாததால் வரும் வலியா, பொருந்தாததால் வரும் வலியா என்று சொல்ல வேண்டியது பொருத்துபவர். பொறுக்க வேண்டிய கடமை உனக்கில்லை. சோதனை லென்ஸோடு அரை மணியாவது உட்கார வைக்காத, சாயம் விட்டுப் பார்க்காத இடத்திலிருந்து எழுந்து வந்துவிடு. ஸ்கிளீரல் என்றால் இன்னும் கூடுதலாகக் காத்திரு, அது நேரமாக ஆகக் கீழே இறங்கும். காலையில் இருந்த இடைவெளி மாலையிலும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல். கண் திடீரென்று வெண்மையாகி, வலித்து, நீர் கொட்டினால் லென்ஸ் பொருத்துபவரிடம் போய் நிற்காதே, அன்றைக்கே கருவிழி மருத்துவரிடம் போ. லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதே. கசக்காதே.

இந்தக் கடிதத்தை நீயே படித்தாயா, யாராவது படித்துக் காட்டினார்களா என்று கேட்க மாட்டேன். நீயாகச் சொன்னால் அடுத்த வண்டியில் கிளம்பி வருவேன். காத்திருப்பு அறைகளில் உட்கார எனக்கு நன்றாகப் பழக்கம். செய்தித்தாள் கொண்டுவர மாட்டேன்.

மேசை இழுப்பறையில், நீலப் பெட்டிக்கு அடியில், கடைசி ஜோடி லென்ஸ் செய்தவர் எழுதித் தந்த பழைய அளவுச் சீட்டு கிடைத்தது. வலது 6.90, இடது 6.40, விட்டம் 8.7 என்று உன் கையெழுத்திலும் ஒரு நகல் இருக்கிறது. இரண்டையும் இதனுடன் வைத்திருக்கிறேன். புதிதாகப் போகும் இடத்தில் அவரிடம் காட்டு, எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்குப் புரியும். ஆனால் அதே அளவில் செய்து தரச் சொல்லாதே, புதிதாக அளக்கச் சொல். மூலச் சீட்டை அங்கேயே விட்டுவிடாமல் வாங்கி வை.

அன்புடன்,
அப்பா