‘ரன்’ என்றால் ஓடு மட்டும்தானா?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். முட்டிவலி கொஞ்சம் அடங்கட்டும், தை பிறந்ததும் நாங்கள் இருவரும் வந்து மணமக்களைப் பார்க்கிறோம்.

அப்புறம், உன் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் விஷயம். ‘ரன்’ என்றால் ஓடு என்று சொல்லி முடிப்பதற்குள், அடுத்த பாடத்தில் மூக்கும் ‘ரன்’ ஆகிறது என்று எழுதியிருந்தாய். அந்தச் சொல் அகராதிக்காரர்களையே பாடாய்ப் படுத்தியிருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் பீட்டர் கில்லிவர் என்பவர் இந்த ஒரு வினைச்சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டி, 645 பொருள்களைப் பிரித்தெடுத்தார். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு ‘செட்’தான். பிறகு ‘ரன்’ அதை முந்திவிட்டது. ரயில், ஆலை, கம்ப்யூட்டர் புரோகிராம் என்று இயங்குவதெல்லாம் இந்த வினையில் வந்து சேர்ந்ததே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

பிள்ளைகளுக்குப் பட்டியல் போட்டுக் கொடுக்காதே. நம் ‘ஓடு’விலிருந்தே தொடங்கு. பஸ் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, தியேட்டரில் படம் நூறு நாள் ஓடுகிறது. இதுவரை இரண்டு மொழியும் சேர்ந்தே போகும். வழி பிரிகிற இடத்தைத்தான் நின்று சொல்ல வேண்டும். நமக்கு மூக்கு ஒழுகுகிறது, துணியில் சாயம் போகிறது, கடையை ஒருவர் நடத்துகிறார். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ‘ரன்’தான். ஆகவே சொல்லைத் தனியாகக் கொடுக்காமல், மூக்கோடும் சாயத்தோடும் கடையோடும் சேர்த்து முழு வாக்கியமாகக் கொடு. அப்படித்தான் மனசில் நிற்கும்.

தேர்தலையும் மறக்காதே. அமெரிக்காவில் வேட்பாளர் ‘ரன்’ செய்வார், பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’ செய்வார். நம் ஊரிலும் தேர்தலில் நிற்கத்தானே செய்கிறோம்! பையன்கள் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள். கிரிக்கெட்டைச் சொன்னால் இன்னும் உற்சாகமாகிவிடுவார்கள். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஓட்டக் கணக்கைக் குச்சியில் கத்தியால் வெட்டிக் குறித்தார்கள். அதனால் அப்போது ரன்னுக்கு ‘நாட்ச்’, அதாவது வெட்டு, என்றே பெயர்.

வங்கி மேல் நம்பிக்கை போய், எல்லோரும் ஒரே சமயத்தில் பணம் எடுக்கப் போவதும் ‘ரன்’தான். 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் மக்கள் நீண்ட வரிசையில் காத்து நின்றார்கள். அதற்கும் அதே பெயர். இது பெரிய வகுப்புக்கு இருக்கட்டும், ஒன்பதாம் வகுப்புக்கு வேண்டாம்.

பாடம் எடுத்த பிறகு பிள்ளைகள் என்னென்ன கேட்டார்கள் என்று எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராஜு