பெட்டியில் செம்பு, கம்பியில் அலுமினியம்: ஸ்பீக்கர் கேபிள் குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 10 மீட்டர் ஸ்பீக்கர் கேபிள், பனானா பிளக் (கேபிள் முனையில் திருகிப் பொருத்திச் செருகும் பிளக்) பொருத்தியது. பணத்தைத் திருப்பித் தரவும் பெட்டியின் வாசகத்தைத் திருத்தவும் கோரி.

ஐயா/அம்மா,

பெட்டியில் "100% ஆக்சிஜன் நீக்கிய செம்பு, 2.5 சதுர மி.மீ., 50 இழை" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். இதில் இழைகளின் எண்ணிக்கை மட்டும்தான் சரி.

முதல் சந்தேகம் எடையில் வந்தது. இரண்டு கம்பிகளும் சேர்ந்து 20 மீட்டர். அந்த அளவுச் செம்பு மட்டுமே ஏறக்குறைய 440 கிராம் இருக்க வேண்டும். உங்கள் கேபிள் பிவிசி உறையோடு சேர்த்தே 390 கிராம். உறையைச் சீவி ஓர் இழையைக் கத்தி முனையால் சுரண்டினால் செந்நிறம் போய் வெள்ளி நிறம் தெரிகிறது. அதாவது, செம்பு போர்த்திய அலுமினியம். வெளியில் பார்த்தால் தெரியாது, வெட்டுமுனையில்தான் தெரியும்.

இழையின் விட்டத்தை மைக்ரோமீட்டரில் அளந்தேன்: 0.20 மி.மீ. 50 இழைக்கு மொத்தக் குறுக்குப் பரப்பு 1.57 சதுர மி.மீ. நீங்கள் சொன்ன அளவு வர இழை 0.25 மி.மீ. இருந்திருக்க வேண்டும்.

மின்தடையைச் சாதாரண மல்டிமீட்டரில் ஓம் வைத்துப் பார்த்தால் நம்ப முடியாது. மீட்டர் கம்பிகளின் தடையும் அதில் சேர்ந்துவிடும். அதனால் ஒரு முனையில் இரு கம்பிகளையும் இணைத்து, மறுமுனையில் 1 ஆம்பியர் செலுத்தி, அங்கேயே மின்னழுத்தத்தைத் தனிக் கம்பிகளில் அளந்தேன். 0.34 வோல்ட், அதாவது 0.34 ஓம். சொன்னபடி செம்பாக இருந்தால் 0.14 ஓம்தான் வரும்.

4 ஓம் ஸ்பீக்கருக்குக் கேபிளின் தடை 5 சதவீதத்துக்குள், அதாவது 0.2 ஓமுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஒலி சற்றுக் குறைவதோடு இது நிற்பதில்லை. ஸ்பீக்கரின் தடை அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறும். ஓரிடத்தில் 3.2 ஓமும் இன்னோரிடத்தில் 20 ஓமும் இருந்தால், இந்தக் கேபிளால் இரண்டுக்கும் நடுவே 0.7 டெசிபல் ஏற்ற இறக்கம் விழுகிறது. செம்பில் அது 0.3 டெசிபல். கேபிளில் கேட்கத்தக்க வித்தியாசம் உண்டென்றால் அது பெரும்பாலும் இங்கேதான். பெட்டியில் போட்டிருக்கும் "200 மணி நேரம் ஓடவிட்டால் ஒலி கனியும்" என்ற வரிக்கு எந்த அடிப்படையும் கிடையாது. அதை எடுத்துவிடுங்கள்.

பிளக்கிலும் கோளாறு. பிளக்கின் திருகு அழுத்துவதால் அலுமினியக் கம்பி மெல்ல நசுங்கி விலகும், திருகு தளரும். வெட்டுமுனையில் ஆக்சைடு படிந்து இணைப்பு விட்டுவிட்டு வரும். சால்டர் (உருக்கிப் பற்றவைக்கும் உலோகம்) வைத்தும் பயனில்லை, மெல்லிய செம்புப் போர்வை உருகிய சால்டரில் கரைந்துவிடுகிறது. இது போதாதென்று, கோடு போட்ட கம்பி ஒரு முனையில் சிவப்புப் பிளக்கிலும் மறுமுனையில் கறுப்பிலும் இருக்கிறது. அப்படியே மாட்டினால் ஒரு ஸ்பீக்கர் மற்றதற்கு எதிர்த் திசையில் அதிர்ந்து பேஸ் (தாழ்ந்த, கனத்த ஒலி) காணாமல் போகும்.

முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். இதே தொகுதியில் விற்றவற்றைத் திரும்பப் பெறுங்கள். இனி பெட்டியில் உலோகம், இழை எண்ணிக்கை, இழையின் விட்டம், மீட்டருக்கு எத்தனை மில்லி ஓம் ஆகிய நான்கையும் அச்சிடுங்கள். செம்பு போர்த்திய அலுமினியம் விற்பது தவறில்லை. அதன் பெயரைச் சொல்லி, அதற்கேற்ற தடிமனில் விற்க வேண்டும்.

சீவிய துண்டையும் அளவுகளின் படங்களையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்