இருபது விநாடித் தோடிக்கு ஒரு புகார்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கும்பகோணத்தில் நாகஸ்வரம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். தோடி ராகத்தில் காந்தார ஸ்வரத்தை எப்படி அசைத்துப் பிடிப்பது என்பதை வாய்ச்சொல்லால் விளக்கிவிட முடியாது. ஆகவே பழைய ஒலிநாடா ஒன்றிலிருந்து இருபது விநாடி ஒலிக்கவிட்டு, நிறுத்தி, அந்த இடத்தில் சீவாளியில் (வாயில் வைத்து ஊதும் நாணல் பகுதியில்) உதடு எவ்வளவு அழுந்துகிறது, விரல் துளையை எவ்வளவு மூடுகிறது என்று நானே வாசித்துக் காட்டிய பதினெட்டு நிமிடப் பாடத்தைச் சென்ற மார்கழியில் இணையத்தில் ஏற்றினேன். பொங்கலுக்கு முதல் நாள் அது முடக்கப்பட்டது. ஒலிநாடாவின் உரிமை தன்னுடையது என்று ஒரு நிறுவனம் புகார் கொடுத்திருந்தது.

மறுப்புத் தெரிவிக்கப் படிவம் இருந்தது. ஆனால் என் பெயரும் முகவரியும் புகார்தாரருக்குப் போகும், அவர் வழக்குத் தொடரலாம், இப்படி மூன்று புகார் நிலைத்தால் ஆறு வருடப் பாடங்களோடு சேனலே போய்விடும் என்றெல்லாம் படித்ததும் பயந்து விட்டுவிட்டேன். சட்டம் என் பக்கம் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

விமரிசனத்துக்கும் மதிப்பாய்வுக்கும் ஒரு படைப்பை நியாயமாக எடுத்தாள்வது உரிமை மீறல் ஆகாது என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2013ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளில் 75ஆவது விதி, அந்தப் பயன்பாடு 52ஆம் பிரிவுக்குள் வராது என்பதற்கான விவரத்தைப் புகார் கொடுப்பவரே தர வேண்டும் என்கிறது. புகார் வந்த 36 மணி நேரத்தில் முடக்கப்படுவதை, 21 நாளுக்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் தளம் மீண்டும் திறக்கலாம். "திறக்கலாம்" என்றுதான் இருக்கிறது, "திறக்க வேண்டும்" என்று இல்லை. பெரிய தளங்களோ பெரும்பாலும் அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை ஒட்டிய படிவங்களைத்தான் நம்மிடம் நீட்டுகின்றன. அந்த நாட்டிலேயே, குழந்தை ஆடும் 29 விநாடிக் காணொளியை 2007இல் நீக்கவைத்த வழக்கில், நியாயமான பயன்பாடா என்று எண்ணிப் பார்த்த பிறகே புகார் அனுப்ப வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் சொல்லிவிட்டது.

முழு ஒலிநாடாவையும் ஒருவர் ஏற்றினால் அதை நீக்கச் சொல்வதில் தவறில்லை. வித்வான்களின் குடும்பங்கள் அந்த வருமானத்தை நம்பியிருக்கக்கூடும். ஆனால் பாடத்துக்கும் திருட்டுக்கும் வேறுபாடு பாராமல் அனுப்பும் புகாருக்கு, அனுப்பியவர் எந்த விலையும் கொடுப்பதில்லை. ஆதாரமற்ற மிரட்டலுக்கு எதிராக நீதிமன்றம் செல்ல நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு வழிசெய்கிறது என்றாலும், ஒரு காணொளிக்காக வக்கீல் வைக்க எங்களைப் போன்றவர்களால் எப்படி முடியும்? "திறக்கலாம்" என்பதை "திறக்க வேண்டும்" என்று மத்திய அரசு திருத்தட்டும். 52ஆம் பிரிவைப் பார்க்காமலே அனுப்பிய புகாருக்கு அபராதமும் விதிக்கட்டும்.

வேதாரண்யத்திலிருந்து வாரந்தோறும் வர வசதியில்லாத மாணவன் ஒருவன் அந்தப் பாடத்தை வைத்துத்தான் சாதகம் செய்துகொண்டிருந்தான். இப்போது அந்த இருபது விநாடியைத் தொலைபேசியில் ஒலிக்கவிட்டுக் கேட்கச் சொல்கிறேன். கமகத்தில், அதாவது ஸ்வரத்தின் அந்த அசைவில், பாதி அவன் காதுக்குப் போய்ச் சேருவதில்லை.

இப்படிக்கு,
நாகஸ்வர ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.