கனகராயன் ஆற்று நீரேந்து பகுதியில் பொசுபரசு மாசைக் குறைத்தல்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், ஆற்றின் மேற்பகுதிக் கிராமங்களிலிருந்தும் இரணைமடுக் குளத்தின் கீழ்ப்பகுதியிலிருந்தும் வந்திருக்கும் கமக்காரர், நன்னீர் மீனவர் ஆகிய உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

சங்கத்தின் வழமையான கூட்டங்கள் தடையின்றி நடைபெற்றன. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். ஆகவே நாம் முதன்மையாக எடுத்துக்கொண்ட பணியாகிய, ஆற்றிலும் குளத்திலும் சேர்ந்து பாசியைப் பெருக்கும் பொசுபரசைக் குறைப்பது பற்றியே இங்கு விரிவாகக் கூற விரும்புகிறேன்.

வவுனியாப் பக்கத்தில் தோன்றி, கனகராயன்குளம், மாங்குளம் பகுதிகளைக் கடந்து வரும் ஆறு இரணைமடுவை நிரப்பி, வான் பாய்ந்த பின் சுண்டிக்குளம் கடனீரேரியைச் சென்றடைகிறது. குளத்துக்கு மேலே கழுவப்படுவது குளத்தில் சேர்கிறது. கீழே வயல்களிலிருந்து வடிவது 1938 முதல் பறவைகள் சரணாலயமாகவும் 2015 முதல் தேசிய பூங்காவாகவும் இருக்கின்ற அந்தக் கடனீரேரியின் பக்கம் போகிறது. நைதரசனைப் போலப் பொசுபரசு வாயுவாகி வளியில் கலந்துவிடுவதில்லை. அதில் பெரும்பங்கு மண்துகளைப் பற்றிக்கொண்டு, மண் போகும் இடத்துக்கே போய்ப் படிகிறது. எனவே எமது வேலை குளக்கட்டில் தொடங்குவதன்று, மேலுள்ள வயல்வரம்பிலும் ஆற்றங்கரையிலும் தொடங்குவது என்பதை உறுப்பினர் பலர் இவ்வாண்டில் ஏற்றுக்கொண்டமை எனக்குப் பெரும் மனநிறைவைத் தருகிறது.

மேற்பகுதிக் கூட்டங்களில் அதிகம் பேசப்பட்ட கணக்கை இங்கும் பதிவு செய்கிறேன். ரிஎஸ்பி என்னும் பொசுபரசுப் பசளையின் 50 கிலோ மூடை ஒன்றில் ஏறத்தாழ 10 கிலோ பொசுபரசு உண்டு. ஒரு தொன் நெல்லை விளைவிக்கும் பயிர் மண்ணிலிருந்து எடுப்பதோ 2 முதல் 3 கிலோ வரைதான். மிகுதி வயலிலேயே தங்கி, ஆண்டுக்காண்டு சேர்கிறது. ஒரு லீற்றர் நீரில் 35 மைக்கிரோகிராமுக்கு மேல் பொசுபரசு இருந்தால் அந்த நீர்நிலை நற்போசணையாக்கம் அடைந்தது, அதாவது பாசி மிகுதியாகப் பெருகும் அளவுக்குப் போசணை கூடியது எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. 13 கோடி கன மீற்றருக்கு மேல் கொள்ளும் இரணைமடுவில் முற்றிலும் தூய நீர் நிறைந்திருப்பதாக வைத்துக்கொண்டாலும், ஏறத்தாழ 500 மூடைப் பசளையிலுள்ள பொசுபரசு முழுவதும் அதில் கலந்தால் அந்த அளவை எட்டிவிடும். ஒரு போகத்துக்கு லொறி லொறியாகப் பசளை இறங்கும் இந்தப் பிரதேசத்தில் 500 மூடை பெரிய தொகை அன்று.

பசளையே வேண்டாம் என்பது எமது நிலைப்பாடு அன்று என்பதை மீண்டும் வலியுறுத்துகிறேன். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அந்தத் தடை நீக்கப்படும் வரை கமக்காரர் பட்ட துன்பத்தை இங்குள்ள எவரும் மறக்கவில்லை. நாம் கேட்பது இரண்டே விடயங்கள். மண் பரிசோதனை செய்து, மண்ணில் போதிய பொசுபரசு இருக்கும் வயலுக்கு, விதைப்போடு இடும் அடிக்கட்டுப் பசளையைக் குறைக்க வேண்டும். இடும் பசளையை மேலே தூவி விடாமல் கடைசி உழவோடு மண்ணுக்குள் கலக்க வேண்டும். காலபோகத்துக்கு, மழைக்கு முன் காய்ந்த நிலத்தில் விதைக்கும் புழுதி விதைப்புச் செய்யும் எமது நிலத்தில் இது மிக முக்கியமானது. ஏனெனில் ஐப்பசியில் முதற் பெருமழை விழும்போது நிலத்தை மூடப் பயிர் இருக்காது, மேலே கிடக்கும் பசளையும் புழுதியும் ஒன்றாகவே வாய்க்காலுக்குள் இறங்கிவிடும். விவசாயப் போதனாசிரியர்கள் வயலுக்கே வந்து மண் மாதிரி எடுக்கும் முறையைக் காட்டித் தந்தமைக்குச் சங்கம் நன்றி கூறுகிறது. மாதிரி கொடுத்தவர்களில் சிலர் பெறுபேற்றைப் பார்த்த பின்னரும் பழைய அளவிலேயே பசளை இட்டனர். விளைச்சல் குறைந்துவிடுமோ என்ற அச்சம் நியாயமானதே. கடன்பட்டு விதைப்பவரிடம் அறிவுரை மட்டும் போதாது. பக்கத்து வயலில் குறைத்து இட்டும் கதிர் முற்றியதைக் கண்ணால் காட்ட வேண்டும்.

ஆற்றங்கரையில் மருது, நாவல், புங்கு நாட்டும் வேலை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தினரின் உழைப்பினாலேயே நடந்தது. மணல் அள்ளியதால் கரை இடிந்த இடங்களில் கன்றுகள் நிற்கவில்லை. அங்கே அகழ்வு நிற்காத வரை எந்த மரநடுகையும் பயன் தராது என்பதை உரிய திணைக்களங்களுக்கு எழுத்தில் தெரிவித்துள்ளோம். மாட்டுப் பட்டிகளை ஆற்றிலிருந்து விலக்கி அமைக்கப் பட்டிக்காரர் சிலர் இணங்கியுள்ளனர்.

சிறு குளங்களில் ஆகாயத்தாமரையும் சல்வீனியாவும் அகற்றும் சிரமதானங்களில் நாமும் பங்கெடுத்தோம். ஆனால் அகற்றிய களையைக் குளக்கட்டிலேயே குவித்துவிட்டால், அது அழுகி, உறிஞ்சி வைத்திருந்த பொசுபரசு அடுத்த மழையோடு குளத்துக்கே திரும்பும். இவ்வாண்டு அதை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி மேட்டுநிலத் தோட்டங்களுக்குக் கொண்டுபோய்க் கூட்டெருவாக்கியதே சரியான வழி என்று கருதுகிறேன். செலவு கூடினாலும் அதைக் கைவிடக் கூடாது.

குளங்கள் உடனே தெளியும் என எதிர்பார்க்க வேண்டாம். அடிச்சேற்றில் ஏற்கெனவே சேர்ந்த பொசுபரசு, கோடையில் நீர் வற்றி அடியில் ஒட்சிசன் குறையும்போது மீண்டும் நீருக்குள் வெளிவரும். வட அமெரிக்காவின் ஈரி ஏரியில் 1970களில் சலவைத்தூள், நகரக் கழிவு ஆகியவற்றின் பொசுபரசைக் குறைத்ததும் நீர் தெளிந்தது. பின்னர் வயல்களிலிருந்து கரைந்து வந்த பொசுபரசால் நீலப்பச்சை அல்கா என்னும் பாசி மீண்டும் பெருகியது. 2014 ஆகஸ்டில் அந்த ஏரியின் நீரைக் குடிக்கும் தொலிடோ நகரத்தில் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேருக்குக் குழாய்நீரைக் குடிக்க வேண்டாம் என அறிவிக்கப்பட்டது. அந்த அல்கா வெளிவிடும் மைக்குரோசிஸ்ரின் என்னும் நஞ்சு கொதிக்க வைப்பதால் அழிவதில்லை. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். பச்சை வண்ணப்பூச்சுப் போல நீர்மேல் படலம் கட்டியிருக்கும் நாட்களில் அந்நீரைக் காய்ச்சிக் குடிக்கலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அங்கே பிள்ளைகளைக் குளிக்க விடவும் கூடாது. மாடுகளையும் மறித்துக் கட்ட வேண்டும். இதைப் பாடசாலைகளிலும் மீன் இறங்குதுறைகளிலும் சொல்லி வருகிறோம்.

வரும் ஆண்டுக்கு நிர்வாகக் குழு இரண்டு முன்மொழிவுகளைச் சபை முன் வைக்கிறது. முதலாவது, மேற்பகுதியில் விரும்பி முன்வரும் கமக்காரரின் வயலில் ஒரு பாதிக்கு மண் பரிசோதனையின்படியும் மறுபாதிக்கு வழக்கம்போலவும் பசளை இட்டு, இரு பாதிகளின் விளைச்சலையும் எல்லோர் முன்னிலையிலும் நிறுத்துக் காட்டுவது. இரண்டாவது, குளத்து நீரின் தெளிவை அறிய, கறுப்பும் வெள்ளையுமாகப் பூசிய 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள தட்டைக் கயிற்றில் கட்டி நீருக்குள் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை மீனவ உறுப்பினர்கள் மாதந்தோறும் ஒரே இடங்களில் குறித்து வைப்பது. தட்டுக்கும் கயிற்றுக்குமான செலவு மிகச் சிறியது. இவ்விரண்டையும் விவாதித்து, இவ்வறிக்கையோடு சேர்த்து அங்கீகரிக்குமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்